இருபத்து நான்கு மீட்டர்

மார்ச் 29

அக்கா,

பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று உளறிவிட்டு வைத்துவிடுவோம். எழுதுவதில் ஒரு சௌகரியம், பாதியில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வரலாம்.

கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். "ஆபீஸ்ல கூப்பிடுறாங்கடா, தீயை மேப் பண்ணணுமாம்" என்றாய். எரிந்து முடிந்த தீக்கு அளவெடுத்து என்ன, சட்டை தைக்கப் போகிறாயா என்று வாய்வரை வந்தது. பஸ் ஸ்டாண்டில் சண்டை எதற்கு என்று விழுங்கிவிட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. தீ விசாரணைக் குழுவிலிருந்து ஒரு தபால் வந்தது. மார்ச் மூன்றாம் தேதி இறந்தவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பத்தி போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கும் மருந்துக்கடை அம்மாவுக்கும் சேர்த்து ஒரே பத்தி. "வாகனம் வழி தவறி, பயன்பாட்டில் இல்லாத மில் சாலைக்குள் நுழைந்ததால்" என்று எழுதியிருக்கிறது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர் வழி தவறினாராம்! கண் ஆபரேஷன் ஆனதால் அன்றைக்கு அவர் ஓட்டவில்லை, பக்கத்து வீட்டு மருந்துக்கடை அம்மாதான் ஓட்டினார்கள். அந்த அம்மாவும் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

அவர்கள் வழி தவறவில்லை அக்கா. நான் சொன்ன வழியில் போனார்கள். இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

மெயின் ரோட்டில் மர லாரி ஒன்று குறுக்கே கவிழ்ந்து வரிசையாக வண்டிகள் நின்றுவிட்டன. மலைமேல் புகை. அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்கள். நான் இங்கே, நூறு கிலோமீட்டர் தள்ளி, ஒர்க்ஷாப்பில் நிற்கிறேன். போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். மில் ரோடு ஆற்றங்கரை வரை நேராகப் போவதாகக் காட்டியது. அதில் போங்கள் என்று சொன்னேன். அவ்வளவுதான்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. மில் ரோட்டில் திரும்பாமல் மெயின் ரோட்டிலேயே நின்றிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரா? உன் சாட்டிலைட்டை எல்லாம் வைத்துப் பார்த்துச் சொல். ஆறுதலுக்காகப் பொய் சொல்லாதே. உனக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதும்போதே "லேசான காய்ச்சல், ஆனால் இப்போது இல்லை" என்று எழுதியவள் நீ.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள ஸ்பேனருக்கு,

உன் கடிதம் ஆபீஸ் முகவரிக்கு வந்தது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

நான் ஏன் ஓடி வந்தேன் என்று கேட்கிறாய். அங்கே சாம்பல் மேட்டில் நின்றால் கை எதற்கும் உதவவில்லை. இங்கே கையில் ஒரு மவுஸாவது இருக்கிறது. அவ்வளவுதான் காரணம், வேறு பெருமை ஒன்றும் இல்லை.

வேலை என்ன என்று நீ கேட்டதே இல்லை, இப்போது சொல்கிறேன். தீக்கு முன்னால் எடுத்த சாட்டிலைட் படம் ஒன்று, பின்னால் எடுத்தது ஒன்று. நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியில் பச்சை இலை பளீரென்று தெரியும், கருகிவிட்டால் இருண்டுவிடும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் எந்த இடம் எவ்வளவு எரிந்தது என்று வந்துவிடும். குறைவாக எரிந்ததற்கு மஞ்சள், ஒன்றுமே மிஞ்சாததற்குக் கருஞ்சிவப்பு. "கலர் ரொம்பக் கொடூரமா இருக்கு மேடம், கொஞ்சம் மென்மையா போடலாமா?" என்று எங்கள் பிரிவுத் தலைவர் கேட்டார். நான் கலரை மாற்றவில்லை.

படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் முப்பது மீட்டருக்கு முப்பது மீட்டர். நம் வீடு, கிணறு, அப்பா பஞ்சாயத்து பேசுகிற அந்த வாசல் பெஞ்சு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கட்டம். கருஞ்சிவப்பு. அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வேலை பார்க்கிறேன்.

உன் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இல்லை. சாட்டிலைட் ஒரு நாளைக்கு நாலைந்து தடவைதான் மேலே போகும். நடுவில் தீ எந்த நிமிஷம் எங்கே இருந்தது என்பதைச் சாலைக் கேமரா, தீயணைப்பு வண்டிகளின் பதிவு, செல்போன் கம்பெனிகள் கொடுக்கிற புள்ளிகள் எல்லாவற்றையும் வைத்துத்தான் கோக்க வேண்டும். மருந்துக்கடை அம்மாவின் போன் புள்ளிகளும் வரும் என்கிறார்கள்.

நீ பேசிய நேரம் சரியாக எத்தனை மணி? என்னென்ன பேசினீர்கள்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

சாப்பிடு. உன்மேல் பழியைத் தூக்கி நீயே போட்டுக்கொள்ளாதே, பொறு.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

3.12க்குப் போன் வந்தது. ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்ட். போனிலேயே இருக்கிறது, தினமும் பார்க்கிறேன்.

அந்த அம்மா சொன்னது: "தம்பி, லாரி கவுந்து கிடக்கு, ஒண்ணும் நகரல. பின்னாடி புகை கிட்ட வந்துடுச்சு. வேற வழி இருக்கா பாருப்பா." நான் பார்த்தேன். "மில் ரோட்டுக்குள்ள திருப்புங்க, ஆத்துப் பக்கம் போயிடலாம்" என்றேன். "சரிப்பா" என்றார்கள். வேறு ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். வீடு என்ன வீடு, நாலு சுவர். தையல் மெஷினின் இரும்புக்கால் நிற்கிறது. ஸ்டீல் டம்ளர் நாலும் ஒன்றுக்குள் ஒன்று செருகினபடியே ஒட்டிக்கொண்டுவிட்டன, பிரிக்க வரவில்லை. அதைப் பிரிக்கப் போராடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவாயா? டம்ளர் எதற்கு எனக்கு?

பிறகு மில் ரோட்டு முக்கு வரை நடந்தேன். உள்ளே விடவில்லை, கயிறு கட்டியிருக்கிறார்கள். முக்கிலேயே யாரோ விட்டுப்போன கார் ஒன்று. அதன் அலுமினியச் சக்கரம் உருகித் தாரின்மேல் தண்ணீர் மாதிரி ஓடி உறைந்திருந்தது. அலுமினியம் உருக அறுநூற்று அறுபது டிகிரி வேண்டும். மெக்கானிக்குக்கு அது தெரியும். தெரியாதவனாக இருந்திருக்கலாம்.

அப்பா ரோட்டில் நிறுத்தி நிறுத்தி வழி கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? தெரிந்த ரோடாகவே இருந்தாலும் இறங்கி ரெண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் திருப்புவார். நமக்கு மானம் போகும். "நேத்து இருந்த ரோடு இன்னிக்கு இருக்கணும்னு கட்டாயமா?" என்பார். அன்றைக்கு அவர் கேட்க அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.

என் கேள்விக்குப் பதில் எங்கே?

தம்பி


மே 2

டேய்,

பதினேழு நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

மலைப்பக்கம் ட்ரோன் விட்டு எடுத்த படங்கள் சென்ற வாரம் வந்தன. சாட்டிலைட் மாதிரி இல்லை, தரையில் கிடக்கிற கல் தெரிகிறது. மில் ரோட்டின் மேல் இத்தனை வருஷம் மரங்கள் கூரை மாதிரி மூடியிருந்தன. வானத்திலிருந்து பார்த்தால் வெறும் பச்சைதான் தெரியும். இப்போது மரம் இல்லை. ரோடு முழுசாகத் தெரிகிறது.

மூன்றாவது கிலோமீட்டரில் ரோடு இல்லை. ஓடைமேல் இருந்த சின்னப் பாலம் எப்போதோ அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இந்தப் பக்கம் ரோடு முடிகிறது, அந்தப் பக்கம் தொடங்குகிறது, நடுவில் பள்ளம். அளந்தேன். இருபத்து நான்கு மீட்டர்.

போன் புள்ளிகளும் வந்துவிட்டன. 3.14க்குத் திரும்பியிருக்கிறார்கள். 3.21க்குப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு புள்ளி. அடுத்த ரெண்டு புள்ளியும் அதே இடத்தில். வண்டியைத் திருப்பப் போராடியிருக்கிறார்கள், ரோடு குறுகல். பிறகு வந்த வழியே எண்ணூறு மீட்டர். 3.31க்குக் கடைசிப் புள்ளி. இதை எழுதாமல் விட நினைத்தேன், ஆனால் நீ கேட்டாய்.

இனி எழுதுவதை உட்கார்ந்து படி.

போனில் நீ பார்த்த மேப்பில் அந்த ரோடு அறுபடாமல் இருந்ததே, அதை அப்படி வரைந்தது நான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த மாவட்டத்தின் ரோடுகளை எல்லாம் படத்தைப் பார்த்து வரைகிற வேலை எனக்கு வந்தது. வரைந்து முடித்தால் சாஃப்ட்வேர் ஒரு பட்டியல் கொடுக்கும், எந்தெந்தக் கோடு எங்கேயும் சேராமல் முனை தொங்குகிறது என்று. எங்கள் ஆபீஸில் அதற்குத் 'தொங்கல்' என்று பெயர். அந்த வாரம் ஆயிரத்து நூறு தொங்கல். மரம் மூடிய இடத்தில் முப்பது மீட்டருக்குள் இடைவெளி என்றால், அது நிழல்தான், ரோடு போகத்தான் போகும். உள்ளூரில் ஓர் ஆளைக் கேட்டுவிட்டு ரெண்டு முனையையும் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி. ஒரு கிளிக் போதும்.

நான் கேட்கவில்லை. யாரையும் கேட்காமல் சேர்த்துவிட்டேன். நம் ஊர் ரோடு, நான் சைக்கிளில் போன ரோடு, எனக்குத் தெரியாதா என்கிற மிதப்பு. அரசு மேப்பிலிருந்து அது எல்லார் போனுக்கும் போய்விட்டது.

ஆகவே தம்பி, நீ உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். தெரிந்ததே தப்பு. அந்தத் தப்பு என்னுடையது. இனி தினமும் அந்த ஒரு நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

அக்கா


மே 9

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒர்க்ஷாப் ஷட்டரை இறக்கிவிட்டேன். நாலு நாள் திறக்கவில்லை.

உன்னைத் திட்டி ரெண்டு பக்கம் எழுதினேன். ஆயிரத்து நூறு தொங்கலாம். ஒரு கிளிக்காம். ஆபீஸில் ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு ரோடு போடுகிறவர்கள் ஒரு தடவை வந்து மிதித்துப் பார்த்தால் காலா தேய்ந்துவிடும் என்றெல்லாம் எழுதினேன். பிறகு அதை அனுப்ப மனசு வரவில்லை. நீ ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை தண்ணீர் என்று கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்தும் போன் போட்டுக் கேட்டவள். கேட்காமல் செய்தாய் என்றால் எனக்கு எங்கேயோ இடிக்கிறது. அப்பா பெண் நீ. போகட்டும், நீயே சொல்கிறாய், நம்புகிறேன்.

ஆனால் ஒன்று கவனித்தேன். என் கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. மெயின் ரோட்டில் நின்றிருந்தால்?

தம்பி


மே 20

தம்பி,

பிழைத்திருப்பார்.

3.25க்குத் தீயணைப்பு வண்டி வந்து லாரியைத் தள்ளி ஓரம் கட்டியிருக்கிறது. வரிசையில் நின்ற அத்தனை வண்டியும் போய்விட்டன. கேமராவில் எண்ணினேன், நாற்பத்தொன்று. தீ மெயின் ரோட்டைத் தாண்டியது 3.41க்கு. அவர்கள் காருக்கு முன்னால் நின்ற பால் வண்டியும் பின்னால் நின்ற வேனும் ஆற்றைக் கடந்து போனது தெரிகிறது. நடுவில் அவர்கள் இடம்.

இதைக் கணக்குப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. வேறு மாதிரி வருமா என்று காற்றின் வேகத்தை மாற்றிப் பார்த்தேன், நேரத்தை நகர்த்திப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் பிழைத்துவிடுகிறார். நான் வேண்டாத விடை அது, தினமும் அதுவே வருகிறது. உனக்குப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். "வழி தவறி" என்ற வார்த்தையை எடுக்கச் சொல்லி, தப்பு வரைபடத்தில் என்று என் பெயரோடு போட்டிருக்கிறேன். பிரிவுத் தலைவர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "மேடம், கோட்டைத் திருத்திட்டு விட்டுடுங்க. பழைய பதிப்பை எவன் தோண்டப் போறான்? உங்க வேலைக்கே ஆபத்து" என்றார். நல்லவர்தான், என்மேல் இருக்கிற அக்கறையில் சொன்னார். நான் கேட்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய கோப்பை ஓர் எழுத்துகூட மாற்றாமல் விசாரணைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். மாற்றினால் நான் மனுஷியே இல்லை.

இப்போது என்னை ஆவண அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லை. பழைய காகித வரைபடங்களைத் தூசி தட்டி அடுக்குகிறேன். கம்ப்யூட்டரில் அந்த மாவட்டத்தைத் திறக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் அனுமதி இருக்கிறது. திறப்பதில்லை.

உன் கோபத்தை அனுப்பியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன்.

அக்கா


ஜூன் 4

அக்கா,

நேற்று விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத ஃபேன், எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த அதிகாரி நல்ல பெண்மணி, தண்ணீர் கொடுத்தார். "உங்க அக்கா எல்லாத்தையும் அவங்க மேலயே போட்டுக்கிட்டாங்க. ஆனா கோப்பு வேற சொல்லுது" என்று ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

நீ வரைந்த ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு வரி எழுதியிருப்பாயாமே. மில் ரோட்டு வரியில் கடைசிக் கட்டம்: "சரிபார்ப்பு: உள்ளூர் நபர், தொலைபேசி." பக்கத்தில் தேதி.

தேதியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஊரில் நான் முதலில் போட்ட அந்தத் தகரக் கொட்டகை. முதல் தடவையாக ஒரு லாரி எஞ்சினைச் சங்கிலியில் தூக்கித் தொங்கவிட்டிருக்கிறேன். கையெல்லாம் கிரீஸ். நீ போன் பண்ணி, "டேய், மில் ரோடு முழுசா போகுதாடா? ஓடைக்கிட்ட பாத்துட்டு வந்து சொல்றியா?" என்றாய். நான் பார்க்கவில்லை. பதினைந்து நிமிஷ தூரம், பைக் வாசலில் நிற்கிறது. "போகுது போகுது, நீ வையி போனை" என்றேன். அந்த வாரம்தான் பெரிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. அடுத்த மாசம் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்துவிட்டேன், அந்த ரோட்டை அதற்கப்புறம் நினைக்கவே இல்லை.

உள்ளூர் நபர் நான்தான், இல்லையா? நீ கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை என்று எனக்காகப் புளுகியிருக்கிறாய். லீவ் லெட்டரில் வராத பொய் இதில் வந்துவிட்டது. கடைசியில் உன் கோப்பே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "அந்த நபர் நான்தான்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

நீ எனக்காக மறைத்தாய். நானும் உனக்காக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். உன் போனை எடுக்காததற்கு உண்மையான காரணம் அதுதான். எடுத்தால் உளறிவிடுவேன் என்று பயம். வேறு ஒன்றும் பேசவில்லை என்று எழுதினேனே, அது பொய்.

மில் ரோட்டில் திருப்பச் சொன்னதும் அப்பா குரல் கேட்டது. பக்கத்து சீட்டில் இருந்தார். "அந்தப் பாலம் போச்சுன்னு யாரோ சொன்னாங்களேடா. நல்லா பாரு" என்றார். நான், "அப்பா, மேப்புல தெளிவா இருக்கு. அக்கா ஆபீஸ் மேப்பு, அக்கா போட்டது" என்றேன்.

அதற்கு அவர், "அவ போட்டதா? அப்ப நாலு பேர்கிட்ட கேட்டுத்தான் போட்டிருப்பா. திருப்பும்மா வண்டிய" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. அதற்குப் பிறகு போனில் இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. இதை உன்னிடம் சாகும்வரை சொல்லக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

தம்பி


ஜூன் 12

தம்பி,

படித்தேன். ஆவண அறையில் அழுதால் வெளியே கேட்காது என்று தெரிந்துகொண்டேன்.

நாலு பேரிடம் நான் கேட்கவில்லை. ஒருவனிடம்தான் கேட்டேன், அதுவும் போனில்.

நேற்று அந்த மாவட்டத்தைத் திறந்து கோட்டை வெட்டிவிட்டேன். தீக்கு முன்னால் இருந்த கோப்பு விசாரணைக் குழுவிடம் பத்திரமாக இருக்கிறது. இது இனி போகிறவர்களுக்கு. இருபத்து நான்கு மீட்டர் போய்விட்டது. சேமிக்கும்போது அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டது. ஒன்றும் எழுதாமல் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மில் ரோட்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டார்களாம். பைக்கை முக்கிலேயே நிறுத்திவிடு, நடந்தே போவோம். உள்ளே போகும் முன்னால் அங்கே யாராவது தென்பட்டால், ரோடு எதுவரை போகிறது என்று ரெண்டு பேரிடம் கேட்போம். பிறகு ஓடைவரை போய் விளிம்பில் நின்று பார்ப்போம். பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, தெரியும்.

திரும்பி வந்து அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும்: "சரிபார்ப்பு: நேரில். இருவர்."

அக்கா